அத்தனை பேர் பார்த்த சீரியல் எங்கே போச்சு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சீரியல் பைத்தியம் என்று தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் "அப்போ எல்லாரும் அதைத்தான் பார்த்தாங்க, இப்ப யாருக்குமே ஞாபகம் இல்லையே?" என்பதில் வந்து நிற்கும். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அவற்றுக்குத்தான் பல பத்தாண்டுகளாக ஒழுங்காகக் கிடைக்கிறது. சில இடங்களில் கதையின் முடிவு வெளிப்படும், இப்போதே சொல்லிவிட்டேன்.

ரேட்டிங் நல்லா இருந்தாலே அது ஜெயிச்ச சீரியல்தானே? அப்புறம் என்ன "நிலைச்சுது, நிலைக்கலை"ன்னு தனியா ஒரு பேச்சு?

ஜெயித்ததுதான், மறுக்கவில்லை. போட்ட பணம் வந்தது, விளம்பரம் குவிந்தது, நடித்தவர்களைத் தெருவில் அடையாளம் கண்டார்கள். ஆனால் ரேட்டிங் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்ன நேரத்தில் இத்தனை பேர் டிவி முன்னால் இருந்தார்கள். ஏன் இருந்தார்கள் என்று அது சொல்லாது. வேறு எதுவும் உருப்படியாக ஓடாததால் இருக்கலாம். ரிமோட் கைக்கு எட்டாததால்கூட இருக்கலாம்.

நிலைப்பது என்று நான் சொல்வது வேறு. ஒளிபரப்பு முடிந்து இருபது வருடம் கழித்தும், பார்த்தவர் ஒருவர் பார்க்காத ஒருவரிடம் "இதைப் பாரேன்" என்று சொல்ல வேண்டும். அவரும் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். இந்தக் கைமாற்றம் எங்கே அறுந்தது என்று தேடினால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

எட்டுக் கோடி, பத்துக் கோடி பேர் பார்த்ததை எப்படிங்க மொத்தமா மறக்க முடியும்?

முதலில் அந்தக் கோடிகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கொரியப் போர்க்கள மருத்துவமனை ஒன்றின் கதையான 'மேஷ்' தொடரின் கடைசி எபிசோட் 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பானபோது ஏறக்குறைய 10.6 கோடி அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அன்றைய மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அப்போது பெரிய சேனல்கள் மூன்றே மூன்று. எதையாவது பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தவருக்குத் தேர்ந்தெடுக்க அதிகமில்லை. 'மேஷ்' பிறகும் நின்றது. ஆனால் அந்தக் கூட்டத்தை நம்பி, அதே பாத்திரங்கள் சிலரை வைத்து உடனே எடுத்த 'ஆஃப்டர்மேஷ்' 1985க்குள் படுத்துவிட்டது. அதன் பெயரைக் கேட்டால் பலர் நான் விளையாடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

'டாலஸ்' இன்னும் நல்ல உதாரணம். 1980இல் ஜே.ஆர். என்ற பணக்கார வில்லனை யாரோ சுட்டுவிட, பல மாதம் காத்திருந்து நவம்பர் 21 அன்று சுமார் 8.3 கோடி பேர் விடையைப் பார்த்தார்கள். "ஜே.ஆரைச் சுட்டது யார்?" என்ற கேள்வியை இன்றும் சிலர் சொல்வார்கள். யார் சுட்டது என்று திருப்பிக் கேளுங்கள், முழிப்பார்கள். கேள்வி மட்டும் நின்றது, சீரியல் நிற்கவில்லை.

கடைசி எபிசோட் சொதப்பினா, அதுக்கு முன்னாடி வந்த எல்லாமே போச்சா? அது என்ன நியாயம்?

நியாயமே இல்லை. ஆனாலும் நடக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா மகனுக்குப் பதினேழு வயது. அவனை உட்கார வைத்து 'லாஸ்ட்' முதல் எபிசோடைப் போட்டேன். ஒரு கண் திறக்கிறது, மூங்கில் காடு, கோட்டு போட்ட மனிதன் மல்லாந்து கிடக்கிறான், ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அவன் எழுந்து ஓடிக் கடற்கரைக்கு வந்தால் விமானம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பையன் போனைக் கீழே வைத்துவிட்டான். இது எங்கள் வீட்டில் அரிய காட்சி. முடிந்ததும், "மாமா, இதை ஏன் இத்தனை நாள் யாருமே எங்கிட்ட சொல்லலை?" என்றான். நான், "பாரு, பிரமாதமா இருக்கும், ஆனா..." என்று இழுத்தேன். அவன் முகம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

அந்த "ஆனா"தான் கைமாற்றத்தை அறுப்பது. 'லாஸ்ட்' 2010இல் முடிந்தது. "எல்லாரும் ஆரம்பத்திலேயே செத்துட்டாங்களாம்" என்று இன்றும் சொல்கிறார்கள். கதையில் அப்படி இல்லவே இல்லை, அந்த எபிசோடிலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. அப்படியும் தப்பான சுருக்கம்தான் பரவியது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2019இல் முடிந்தபோது, கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆன்லைனில் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியை 59 முறை வாங்கிய தொடர் அது. சீக்கிரமே அதைப் பற்றிய பேச்சில் பாதி, முடிவைத் திட்டுவதாகத்தான் இருந்தது.

'சைன்ஃபெல்ட்' முடிவையும்தான் திட்டினாங்க. அது மட்டும் எப்படித் தப்பிச்சுது?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1998இல் அதன் கடைசி எபிசோடை 7.6 கோடிப் பேர் பார்த்தார்கள், நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. சீரியலுக்கு ஒரு கீறலும் விழவில்லை. காரணம் அதன் அமைப்பு: ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை. சீன உணவகத்தில் மேசை கிடைக்காமல் நண்பர்கள் காத்திருக்கும் எபிசோடை இன்று யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம். முன்கதை தெரிய வேண்டாம், முடிவும் தெரிய வேண்டாம்.

'லாஸ்ட்' மாதிரித் தொடர்களில் ஒவ்வொரு எபிசோடும் கடைசி எபிசோடின் பேரில் வாங்கிய கடன். கடைசியில் கடன் அடையவில்லை என்றால் முதல் நாள் வாங்கியதும் கசக்கும்.

முடிவு ஓரளவு நல்லா இருந்த சீரியல்கள்கூடக் காணாமப் போகுதே?

போகும். "அடுத்து என்ன?" என்ற ஒற்றை இழுவையில் ஓடியவை பெரும்பாலும் அப்படித்தான். விடை தெரிந்த விடுகதையை யாரும் இரண்டாம் முறை போட்டுக்கொள்வதில்லை. சஸ்பென்ஸ் கெடுதல் இல்லை, ஆனால் அது மட்டும் இருந்தால் போதாது. யார் கொலைகாரன் என்று தெரிந்த பிறகும் அந்தத் துப்பறிபவரோடு ஒரு மணி நேரம் இருக்கலாம் என்று தோன்ற வேண்டும். 'கொலம்போ' தொடரில் கொலைகாரன் யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். கசங்கிய மழைக்கோட்டோடு ஒருவர் வந்து "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று வாசலிலிருந்து திரும்புவதைப் பார்க்கத்தான் உட்காருகிறோம். அதனால்தான் அரை நூற்றாண்டு கழித்தும் பார்க்கிறார்கள்.

எழுதுபவர்களே அந்தக் காத்திருப்பை ஏமாற்றிய கதையும் உண்டு. மறுபடி 'டாலஸ்'தான். 1985இல் பாபி என்ற பாத்திரம் இறந்துபோனது. அடுத்த சீசன் முழுக்க அவன் இல்லாமலே ஓடியது. 1986இல் சீசன் கடைசியில் மனைவி பாம் தூங்கி எழுந்து குளியலறைக் கதவைத் திறந்தால், உள்ளே பாபி குளித்துக்கொண்டிருக்கிறான், திரும்பிப் பார்த்து காலை வணக்கம் சொல்கிறான். ஒரு வருடக் கதை முழுதும் அவள் கண்ட கனவாம்! அந்த ஒரு வருடம் வாராவாரம் உட்கார்ந்து பார்த்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

நல்ல சீரியலை இழுத்து இழுத்துக் கெடுத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, அதுதான் முக்கியக் காரணமா?

முக்கியமான காரணங்களில் ஒன்று. 'தி வாக்கிங் டெட்' 2014இல் ஐந்தாம் சீசனைத் தொடங்கியபோது அமெரிக்காவில் 1.7 கோடிப் பேர் பார்த்தார்கள். 2022இல் பதினோராம் சீசனோடு முடிந்தபோது அதே சேனலில் சுமார் 23 லட்சம் பேர்தான் இருந்தார்கள். ஓடிடிக்குப் போனவர்களைக் கழித்தாலும் பெரும்பாலோர் நடுவழியில் இறங்கிவிட்டார்கள். முடிவு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லக்கூட ஆளில்லை. திட்டு வாங்கிய முடிவைவிட யாரும் பார்க்காத முடிவு மோசம் என்பேன்.

நீளமே குற்றம் என்றும் சொல்ல முடியாது. கொரியப் போர் மூன்று வருடம் நடந்தது. அதைப் பற்றிய 'மேஷ்' பதினோரு வருடம் ஓடியும் நின்றது. மறுபக்கம் 'ஃபால்டி டவர்ஸ்' 1975இல் ஆறு, 1979இல் ஆறு என மொத்தம் 12 எபிசோடுதான். இன்றும் சிரிக்கிறார்கள். சொல்ல இருந்தது தீர்ந்த பிறகும் வியாபாரத்துக்காக ஓடினார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

தினமும் வர்ற நெடுந்தொடரெல்லாம் வருஷக்கணக்கா ஓடுதே. அதில் ஒண்ணுகூட ஏன் "கிளாசிக்" ஆகலை?

அது வேறு பிறவி. 'கைடிங் லைட்' வானொலியில் 1937இல் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009இல் நின்றது. 72 வருடம். பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை பார்த்த கதை. "எங்கிருந்து பார்க்கலாம்?" என்று இன்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட எபிசோடில் எதைக் காட்டுவது?

தினத்தொடர் அன்றாடத் துணை. பேச்சுக்கு ஆள் இல்லாத மதியத்தில் தெரிந்த முகங்கள் வந்து போகும். அந்த வேலையை அது செய்துவிட்டது. நேற்றைய செய்தித்தாளை யாரும் திரும்பப் படிப்பதில்லை என்பதற்காகச் செய்தித்தாள் தோற்றது என்று சொல்வோமா?

பார்க்கணும்னு ஆசைப்பட்டாலும் சில பழைய சீரியல் எங்கேயுமே கிடைக்க மாட்டேங்குதே?

பலர் யோசிக்காத காரணம் இது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியதாகப் படுகிறது. மேலே சொன்ன கைமாற்றத்துக்கு முதலில் கையில் பொருள் இருக்க வேண்டும். 1960, 70களில் பிபிசி தன் ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு வாய்ப்பும் குறைவு என்று நினைத்தார்கள். அப்படி 'டாக்டர் ஹூ' தொடரின் 90க்கும் மேற்பட்ட எபிசோடுகள் இன்று இல்லை. ஆனால் தொலைந்துபோன எல்லா எபிசோடுகளின் ஒலி மட்டும் இருக்கிறது. ஒளிபரப்பான அன்று ரசிகர்கள் வீட்டில் டிவியிலிருந்து ஒலியை டேப்பில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். நிறுவனம் தூக்கிப் போட்டதைப் பார்த்தவர்கள் காப்பாற்றினார்கள்.

இதற்கு நேர் எதிர் 'ஐ லவ் லூசி'. 1951இல் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நேரலை. வேறு ஊர்களுக்கு அனுப்ப டிவித் திரையையே படம் பிடிப்பார்கள், மங்கலாக இருக்கும். இவர்கள் அடம்பிடித்துப் பார்வையாளர் முன்னிலையில், பல கேமரா வைத்து, நல்ல ஃபிலிமில் எடுத்தார்கள். அந்தத் துல்லியத்தால்தான் மறு ஒளிபரப்பு என்ற வியாபாரமே வளர்ந்தது. லூசி நல்ல நகைச்சுவை, சரி. அதே அளவு நல்ல நகைச்சுவைகள் நேரலையோடு காற்றில் போயிருக்கும், நமக்குத் தெரியப் போவதில்லை.

நாடா இருந்தாலும் உரிமை சிக்கல் பண்ணும். 1978இல் வந்த 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய கதை, அதனால் அன்றைய ஹிட் பாடல்கள் காட்சிக்குக் காட்சி ஓடும். பாடல் உரிமைக் காலம் முடிந்ததும் பல இடங்களில் பாட்டை எடுத்துவிட்டு ஏதோ ஒரு பொத்தாம்பொதுவான இசையைப் போட்டார்கள். பாட்டின் மேல் வசனம் இருந்த சில இடங்களில் குரலையும் மாற்ற வேண்டியிருந்தது. பாட்டை ரசித்துத் தலையாட்டும் அறிவிப்பாளர் எதற்குத் தலையாட்டுகிறார் என்றே புரியாது. 'மூன்லைட்டிங்' 1989இல் முடிந்தது, இதே மாதிரி இசைச் சிக்கலால் ஓடிடிக்கு வர 2023 ஆனது. அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

ரேட்டிங்கே வராத சீரியலை இப்பக் கொண்டாடுறாங்க. அப்போ பார்க்காதவங்க முட்டாள்களா?

இல்லை, நேரம் ஒத்துவரவில்லை. 'ஸ்டார் ட்ரெக்' 1969இல் மூன்று சீசன், 79 எபிசோடோடு நிறுத்தப்பட்டது. அதன் பிறகு உள்ளூர் நிலையங்கள் மலிவாக வாங்கி மாலை நேரங்களில் தினமும் ஓட்டின. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் பார்த்தார்கள், மறுபடி பார்த்தார்கள், மனப்பாடம் செய்தார்கள். 1976இல் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்ததில், நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கே அந்தத் தொடரில் வரும் விண்கப்பலின் பெயர், எண்டர்பிரைஸ், வைக்கப்பட்டது.

'தி வயர்' இன்னொரு மாதிரி. 2002 முதல் 2008 வரை 60 எபிசோட், ஒரு எம்மி விருதுகூடக் கிடையாது. பார்த்தவர்கள் கொஞ்சம் பேர், ஆனால் பார்த்த ஒவ்வொருவரும் நாலு பேரை விடாமல் நச்சரித்தார்கள். பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அதை வைத்துப் பாடமே நடத்தினார்கள். அதிலும் ஒரு "ஆனா" உண்டு, "முதல் நாலு எபிசோடு பொறுத்துக்கோ, ஆனா அப்புறம் விடவே மாட்டே" என்பது. இந்த "ஆனா" முன்னால் வருகிறது, பின்னால் இல்லை. அதனால் பிழைத்தது.

எல்லா எபிசோடும் ஒரே நாள்ல போட்டுடறதால்தான் இப்போ எதுவும் மனசுல நிக்கலைன்னு சொல்றது சரியா?

கொஞ்சம் சரி. 2013 பிப்ரவரி 1 அன்று 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' 13 எபிசோடையும் மொத்தமாகக் கொடுத்த பிறகு இது வழக்கமானது. வாராவாரம் வரும்போது நடுவில் ஆறு நாள் இருக்கும், அதில் சண்டை போடலாம், ஊகிக்கலாம், திட்டலாம். நினைவில் ஒட்டுவது அந்த ஆறு நாளில்தான். ஒரே ராத்திரியில் முடித்தால், உங்களோடு பேச வேண்டியவர் இன்னும் மூன்றாம் எபிசோடில் இருப்பார், "சொல்லாதே சொல்லாதே" என்று காதைப் பொத்திக்கொள்வார்.

ஆனால் 'ஸ்க்விட் கேம்' முதல் சீசனும் மொத்தமாகத்தான் வந்தது, உலகம் முழுக்கப் பேசினார்கள். அதனால் பழியை முழுக்க இதன் மேல் போட மாட்டேன்.

நடிகர் மேல குற்றச்சாட்டு வந்தா சீரியலும் சேர்ந்து போயிடுமா?

போன உதாரணம் உண்டு. 'தி காஸ்பி ஷோ' 1980களில் தொடர்ந்து ஐந்து சீசன் ரேட்டிங்கில் முதலிடம் பிடித்தது. 2014இல் அதில் அப்பாவாக நடித்த பில் காஸ்பி மீது பாலியல் குற்றச்சாட்டுகள் பெருகியதும் மறு ஒளிபரப்புகளை நிறுத்தத் தொடங்கினார்கள். 2018இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது, 2021இல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பு மாறினாலும் பழைய மாதிரி யாரும் அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதில்லை. அந்தச் சீரியலின் உயிரே "இவர்தான் நல்ல அப்பா" என்ற நம்பிக்கை.

மறந்துபோன சீரியல் திடீர்னு மறுபடி ட்ரெண்ட் ஆகுதே, அதை நிலைச்சதா எடுத்துக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். 'சூட்ஸ்' 2019இல் முடிந்தது. 2023இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததும் அமெரிக்காவில் மட்டும் அந்த வருடம் 5,770 கோடி நிமிடம் ஓடியது. உடனே 2025இல் 'சூட்ஸ் எல்.ஏ.' என்று புதிதாக எடுத்தார்கள், ஒரே சீசனில் மூடினார்கள். மக்களுக்கு வேண்டியிருந்தது சோஃபாவில் சாய்ந்தபடி ஓடவிட ஒரு நல்ல துணை. பார்த்தார்கள், சந்தோஷமாக இருந்தார்கள், அடுத்ததற்குப் போனார்கள்.

2003இலிருந்து ஓடும் 'என்சிஐஎஸ்' இதே ரகம். பல வருடம் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த நாடகத் தொடர் அது. அதைப் பற்றி யாராவது காரசாரமாகச் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் பிடிக்கும், யாருக்கும் அது உயிர் இல்லை.

அடுத்து வந்த எல்லாரும் காப்பி அடிச்ச சீரியலைக்கூட இப்ப யாரும் பார்க்கலையே? அது நிலைச்சதா, இல்லையா?

எனக்கே இழுபறியான கேள்வி. 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' 1981இல் வந்தது. ஒரு காவல் நிலையம், பெரிய பட்டாளம், ஒரே எபிசோடில் நாலைந்து கதைகள், ஒன்றின் மேல் ஒன்று விழும் பேச்சு, ஆடும் கேமரா. முதல் சீசன் ரேட்டிங் பரிதாபம், மொத்தத்தில் எம்மி 26. அதற்குப் பிறகு வந்த மருத்துவமனைத் தொடர், போலீஸ் தொடர் எல்லாம் அந்த வழியில் நடந்தவைதான். இன்று அதைப் போட்டுப் பார்ப்பவருக்கு "இதில் என்ன புதுசு?" என்றுதான் தோன்றும், ஏனென்றால் அதன் பிள்ளைகள் அத்தனையையும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்.

நான் முதல் பதிலில் சொன்ன அளவுகோலின்படி அது நிலைக்கவில்லை. அளவுகோல்தான் தப்போ என்று எனக்குச் சந்தேகம் வரும் ஒரே இடம் இதுதான்.

இப்ப ஓடிட்டிருக்கிற ஒண்ணைப் பார்த்து, இது நிக்குமா நிக்காதான்னு சொல்லிட முடியுமா?

உறுதியாக முடியாது. நான் செய்யும் சில்லறைச் சோதனை ஒன்று உண்டு. முடித்து ஒரு மாதம் கழித்து, கதையைச் சொல்லாமல் அதிலிருந்து ஒரு காட்சியை மட்டும் யாரிடமாவது விவரித்துப் பார்ப்பேன். கேட்பவர் கண் விரிந்தால் நல்லது. "அதுக்கு முன்னாடி என்னாச்சுன்னா..." என்று நான் பத்து நிமிடம் முன்கதை சொல்ல வேண்டி வந்தால் சந்தேகம்தான். நாலைந்து முறை தோற்றிருக்கிறேன், அவற்றைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எல்லாம் சரி, கடைசியா ஒண்ணு. 'லாஸ்ட்' பார்க்கலாமா, வேணாமா?

பாருங்கள். அக்கா மகன் ஆறு சீசனையும் முடித்துவிட்டான், முடிவில் அழுதான் என்று அக்கா சொன்னாள். போன வாரம் அவன் போனில் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "டேய், கண்டிப்பா பாருடா, செமையா இருக்கும், ஆனா..."